மணவாழ்வும் மரபுவழிக் குருதிக் குறைபாடும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறுதான் செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் நடத்திய இரவுப் பாடசாலைகளைப் பற்றியும், வழங்கிய உதவித்தொகைகளைப் பற்றியும் பேசுவதற்குத் தகுதி வாய்ந்தோர் பலர் இம்மேடையில் இருக்கின்றனர். நான் வேறொரு பொருளைக் கேட்டுப் பெற்றேன். திருமணம் செய்துகொள்ளும் இருவரில் ஒருவர், பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடு ஒன்றைச் சுமந்திருப்பாராயின், அவர்கள் குழந்தைப் பேற்றை எவ்வாறு திட்டமிடல் வேண்டும் என்பதே அப்பொருள். செயலாளர் சற்றுத் தயங்கினார். விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா, அதுவும் மணமாகாத பிள்ளைகள் முன்னிலையில் பேசலாமா என்று கேட்டார். மணமாகாத பிள்ளைகளிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது என்று நான் திருப்பிக் கேட்டேன்.

நான் மருத்துவன் அல்லேன். அறிவியல் ஆசிரியனும் அல்லேன், வரலாறு படித்தவன். இப்பொருளைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். அக்குறைபாட்டைச் சுமப்பவர்களுள் நானும் ஒருவன்.

என் தமக்கையார்க்கு 1986ஆம் ஆண்டு திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வேறு யாருமல்லர். எங்கள் தாயின் இளைய தம்பி, எங்கள் தாய்மாமன். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்பது பெரியவர்களின் எண்ணம். காணி நிலமும் இல்லாத நமக்குச் சொந்தந்தானே சொத்து? ஆதலால் அவர்கள்மேல் நான் குறை காணவில்லை. 1988இல் ஆண் குழந்தை பிறந்தது. ஆறு மாதம் வரை கொழுகொழுவென்றிருந்தான். பின்னர் நிறம் வெளுக்கத் தொடங்கியது. பால் குடிப்பதற்குள் களைத்துப் போனான். வயிறு உப்பியது. ஊரில் மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், குலதெய்வத்துக்கு என்ன குற்றம் செய்தோமோ என்று கிடா வெட்டினார்கள். பின்னர் ஒரு மருத்துவமனையில் சத்துக் குறைவு என்று சொல்லி, இரும்புச்சத்து மருந்தை மாதக் கணக்கில் கொடுத்தார்கள். அந்நோய் கண்ட குழந்தையின் உடலில் இரும்புச்சத்து ஏற்கெனவே மிகுதியாகத் தங்கும் என்பதையும், மேலும் மேலும் அதைக் கொடுப்பது தீங்கு என்பதையும் நான் பின்னாளில்தான் அறிந்தேன்.

மூன்றாம் வயதில், நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில், 'தாலசீமியா' என்னும் பெயரை முதன்முதலாகக் கேட்டோம். அப்போது அக்காள் இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்தார். வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் இந்நோய் வரக்கூடும் என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை; அல்லது எங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லவில்லை. 1991இல் பிறந்த அவனுக்கும் அதே நோய் இருந்தது.

மாதந்தோறும் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு விடியற்காலைப் பேருந்தில் போவார்கள். இரத்தம் ஏற்றிக்கொண்டு இரவுப் பேருந்தில் திரும்புவார்கள். இரத்தம் ஏற்றிய பத்து நாள் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். அதன்பின் மறுபடியும் சோர்வு. மூத்தவன் 1995இலும், இளையவன் 1999இலும் இறந்தனர்.

ஊர் யாரைக் குறை கூறியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 'பிள்ளை தங்காதவள்' என்று அக்காளுக்குப் பெயரிட்டனர். அவரை விலக்கிவிட்டு வேறு பெண் பார்க்கலாம் என்று மாமனிடம் சொன்னவர்கள் அயலார் அல்லர், நம் வீட்டார்தாம். மாமன் மறுத்துவிட்டார். எழுத்தறியாத மனிதர் அவர். அந்த ஒரு மறுப்புக்காக அவரை நான் இன்றும் வணங்குகிறேன்.

இந்நோய் எவ்வாறு வருகிறது என்பதை, கரும்பலகை இல்லாமலேயே சொல்ல முயல்கிறேன். அவையில் நம் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அமர்ந்திருக்கிறார். பிழை இருப்பின் திருத்துவாராக.

நம் குருதிக்குச் செந்நிறம் தருவது செவ்வணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். மூச்சுக்காற்றிலுள்ள பிராணவாயுவை உடலெங்கும் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. அதைச் செய்வதற்கான குறிப்பு, நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் மரபணுவாக எழுதப்பட்டிருக்கிறது. இக்குறிப்பை நாம் இரண்டு படிகளாகப் பெறுகிறோம். ஒன்று தந்தையிடமிருந்து, ஒன்று தாயிடமிருந்து. இரண்டில் ஒரு படி பழுதாக இருந்தாலும், மற்றொன்று நன்றாக இருந்தால் வேலை நடந்துவிடும். அத்தகையவர் நோயாளி அல்லர். உழுவார், படிப்பார், ஓடுவார், எண்பது வயதும் வாழ்வார். சோதித்தாலன்றி அவருக்கே அது தெரியாது. இரண்டு படிகளும் பழுதாக அமைந்த குழந்தைக்குத்தான் நோய் வருகிறது.

ஒரு படி மட்டும் பழுதானவரைச் சிலர் 'நோய் கடத்தி' என்று எழுதுகின்றனர். இச்சொல்லாட்சியில் எனக்கு உடன்பாடில்லை. கொசுதான் நோயைக் கடத்துகிறது. தொட்டால் ஒட்டும் என்று நம்மைப் பற்றிச் சொல்லப்பட்டவையெல்லாம் போதாவா? இதுவும் ஒட்டும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 'சுமப்பவர்' என்றே நான் சொல்வேன்.

இனிக் கணக்கைப் பாருங்கள். கணவன் மனைவி இருவரில் ஒருவர் மட்டும் சுமப்பவராயின், அவர்களுக்குப் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் தாலசீமியாப் பெருநோய் வராது. ஒவ்வொரு குழந்தையும் தாமும் சுமப்பவராகப் பிறக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று, அவ்வளவே. இருவரும் சுமப்பவராயின், ஒவ்வொரு கருவிலும், நோயுடன் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சுமப்பவராகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. முற்றிலும் பழுதின்றிப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

'ஒவ்வொரு கருவிலும்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான்கில் ஒன்று என்றவுடன், முதற் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வராது என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் அக்காளுக்கும் ஒருவர் அவ்வாறே ஆறுதல் சொன்னார். காசைச் சுண்டிப் பாருங்கள். சென்ற முறை தலை விழுந்தது என்று காசுக்கு நினைவிருக்காது. கருவும் அப்படித்தான்.

இதிலிருந்து விளங்குவது யாது? நோயுள்ள குழந்தை பிறந்த இடத்தில், தாய் மட்டும் காரணம் என்று சொல்வது கணக்குத் தெரியாதவர் பேச்சு. தந்தையும் ஒரு படி கொடுத்தாலன்றி அந்நோய் பிறக்கவே பிறக்காது.

உறவில் மணம் செய்வதற்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில், பொதுவாக நூற்றுக்கு 3 முதல் 4 பேர் தாலசீமியாவைச் சுமப்பவர்கள் என்று கணக்கிட்டிருக்கின்றனர். தாய்மாமன் ஒருவர் தம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து அதைப் பெற்றிருந்தால், அவருடைய அக்காளும் பெற்றிருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அக்காள் மகளும் பெற்றிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அயலில் பெண் எடுத்தால் நூற்றுக்கு மூன்றோ நான்கோ ஆக இருந்தது, அக்காள் மகளை மணந்தால் நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் மேலாகிவிடுகிறது. அத்தை மகன், மாமன் மகள் உறவிலும், இவ்வளவு இல்லையாயினும், கூடுதல்தான். இதற்காக, உறவில் மணந்தவர்கள் யாவரும் அஞ்ச வேண்டும் என்பதில்லை. சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே பொருள். அயலில் மணந்தவர்கள் சோதிக்க வேண்டாம் என்பதும் பொருளன்று.

என் கதைக்கு வருகிறேன். 1998இல் எனக்குத் திருமணம். பெண் வேறு மாவட்டம், உறவு சிறிதுமில்லை. அக்காளுக்கு அக்குறைபாடு உண்டென்றால், எங்கள் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். தாய்மாமனுக்கும் உண்டு ஆதலால், தாய்வழி வந்தது என்றே கொள்ளலாம். அவ்வாறாயின் எனக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. பி.எட். படித்து அரசுப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தவன் நான். இச்சிறு கணக்கு எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. தோன்றியும் வாய் திறக்கவில்லை. பெண் வீட்டார்க்குத் தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று அஞ்சினேன்.

அக்காளின் இளைய மகன் மருத்துவமனையில் இறுதி நாள்களில் கிடந்தபோது, அவனுக்குத் துணையாக நான் இருந்தேன். ஒரு பெண் மருத்துவர் என்னை அழைத்து, பையனுக்கு நீங்கள் என்ன உறவு, மணமாகிவிட்டதா, மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஐந்தாம் மாதம் என்றேன். அவர் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை. அன்றைக்கே என் இரத்தத்தை எடுத்தார். மறுநாள் மனைவியை வரவழைத்தோம். கருவுக்கு அப்போது பத்தொன்பது வாரம். கருக்கலைப்புக்கு அன்றைய சட்டம் வகுத்த பொது எல்லை 20 வாரம். இருவருக்கும் குறைபாடு இருந்து, கருவைச் சோதித்து, முடிவும் வந்து, அதன்மேல் நாங்கள் ஒரு தீர்மானத்துக்கு வர, ஒரு வாரந்தான் இருந்தது. அது போதாது என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

என் சோதனை முடிவு முதலில் வந்தது. நான் சுமப்பவன். மனைவியின் முடிவு வர மேலும் நான்கு நாள்கள் ஆயின. அந்த நான்கு நாள்களும் மனைவி என்னிடம் ஒரு கேள்வியைத்தான் கேட்டார்: "உங்களுக்கு முன்பே தெரியுமா?" தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஐயப்பட்டேன் என்றேன். அதன்பின் அவர் பேசவில்லை. மனைவிக்கு அக்குறைபாடு இல்லை என்று முடிவு வந்தது. 2000ஆம் ஆண்டில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நலமாக வளர்ந்தாள். மனைவி என்னை மன்னித்துவிட்டார் என்றே எண்ணுகிறேன், கேட்டுப் பார்த்ததில்லை.

இளைஞர்களே, நான் தப்பியது என் அறிவினால் அன்று. இதைக் கருத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இக்குறைபாடு நம்மிடம் ஏன் வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. முன்வினை என்பார்கள். அன்று. ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் அறிஞர் 1949இல் ஒரு கருத்தை வெளியிட்டார். மலேரியாக் காய்ச்சல் மிகுந்த நாடுகளிலேதான் தாலசீமியாவும் மிகுந்திருக்கிறது. ஒரு படி மட்டும் பழுதானவர்களை மலேரியா எளிதில் கொல்லாததனால், அப்பழுது தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது என்பது அவர் கருத்து. அரிவாள் அணுச் சோகை என்னும் மற்றொரு நோய்க்கும் இது பொருந்தும் என்பதை ஆலிசன் என்பார் 1954இல் ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து காட்டினார். ஆக, நம் பாட்டன்மார் காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைத்ததன் விலையை இன்று சில குழந்தைகள் செலுத்துகின்றன. இந்த ஹால்டேன் பிற்காலத்தில் நம் நாட்டுக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார் என்பதை ஒரு வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் இடையே சொல்லி வைக்கிறேன்.

அரிவாள் அணுச் சோகையில், செவ்வணுக்கள் வட்டவடிவம் இழந்து அரிவாள்போல் வளைந்து, நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். தாங்க முடியாத மூட்டுவலியும் எலும்புவலியும் வரும். நம் நாட்டில் இது இருப்பதை முதலில் கண்டறிந்த இடங்களுள் ஒன்று நம் நீலகிரி. அங்குள்ள பழங்குடி மக்களிடையே இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் இருவர் 1952இல் எழுதினர். மராட்டியத்தின் விதர்ப்பப் பகுதியில் பழங்குடியினரிடமும், நம்மைப் போன்ற பட்டியல் சாதி மக்களிடமும் இது காணப்படுகிறது. 2023 ஜூலை முதல் நாளன்று நடுவண் அரசு இதற்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கி, நாற்பது வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பதென்று திட்டமிட்டது. இதுவும் தாலசீமியாவைப் போலவே இரண்டு படி பழுதானால் வரும் நோய். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். கணவனிடம் தாலசீமியாக் கூறும், மனைவியிடம் அரிவாள் அணுக் கூறும் இருந்தாலும், இரண்டும் ஒரு குழந்தையிடம் சேர்ந்துவிட்டால் நோய்தான். 'உன்னுடையது வேறு, என்னுடையது வேறு' என்று அமைதி கொள்வதற்கில்லை.

இனிச் செய்ய வேண்டியவை.

முதலாவது, சோதனை. திருமணத்துக்கு முன்னரே செய்துகொள்வது மிகச் சிறந்தது. தவறிவிட்டால், முதற்கரு உண்டாவதற்கு முன். அதுவரை கருத்தடை முறையைக் கையாளலாம். அதுவும் தவறிவிட்டால், கருவுற்றது தெரிந்த முதல் மாதத்திலேயே. சாதாரண இரத்த எண்ணிக்கைச் சோதனையிலேயே ஒரு குறி தென்படும். செவ்வணுவின் சராசரிப் பருமன் 80க்குக் குறைந்தும், ஓர் அணுவிலுள்ள ஹீமோகுளோபின் 27க்குக் குறைந்தும் இருந்தால் ஐயப்பட வேண்டும். இரும்புச்சத்துக் குறைவிலும் இவ்வாறே இருக்கும் என்பதால், அதைக் கொண்டு முடிவு கட்டலாகாது. 'ஹெச்.பி.எல்.சி.' என்னும் சோதனையில், ஹீமோகுளோபின் ஏ2 என்னும் வகை பொதுவாக 3.5 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால், அவர் தாலசீமியாவைச் சுமப்பவர். அரிவாள் அணுவைச் சுமப்பவரின் இரத்த எண்ணிக்கை முற்றிலும் சரியாகவே இருக்கலாம். ஆதலால் அவர்க்கும் இச்சோதனையே வேண்டும். அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பிறருடைய இரத்தம் முடிவைக் குழப்பிவிடும்.

இரண்டாவது, ஒருவர் சுமப்பவர் என்று தெரிந்தவுடன் மற்றவரைச் சோதிப்பது. எல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது. நம் வீடுகளில் நடப்பது என்ன? கருவுற்ற பெண்ணுக்குச் சுகாதார நிலையத்தில் சோதிக்கிறார்கள். சுமப்பவர் என்று வருகிறது. கணவரை அழைத்து வாருங்கள் என்கிறார்கள். கணவர் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறார். அல்லது ஊரில் இருந்துகொண்டே, 'எனக்கு என்ன குறை' என்று வர மறுக்கிறார். மாமியார், 'இரத்தம் கெட்ட பெண்ணைக் கட்டிவிட்டோம்' என்கிறார். ஒரு மாதம் போகிறது, இரண்டு மாதம் போகிறது. என் பழைய மாணவன் ஒருவனே இவ்வாறு இருந்தான். நானே சுமப்பவன், நீ என்னைவிட ஆண்மகனோ என்று கேட்டு, கையைப் பிடித்து அழைத்துச் சென்றேன். அவனுக்குக் குறைபாடு இல்லை என்று வந்தது. அன்றோடு அவ்வீட்டில் சண்டையும் தீர்ந்தது. இரண்டு சொட்டு இரத்தத்துக்காக மூன்று மாதம் ஒரு பெண் அழுதிருக்கிறாள்.

ஒருவர் மட்டுமே சுமப்பவர் என்றால், குழந்தைப் பேற்றைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சுமப்பவர் மனைவியாயின், கருக்காலத்தில் சோகை சற்று மிகும். ஃபோலிக் அமிலம் கருவுறுவதற்கு முன்பிருந்தே தேவை. இரும்புச்சத்து மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது; இரும்பின் அளவை அறியாமல் அளவுக்கு மேல் விழுங்கவும் கூடாது; மருத்துவர் சோதித்துச் சொல்வார். பிறக்கும் குழந்தையை ஒரு வயதுக்குப் பின் சோதித்து, முடிவை எழுதிப் பத்திரப்படுத்தி, அக்குழந்தை மணவயதை அடையும்போது கையில் கொடுங்கள். நிலப்பத்திரம் இல்லாத வீட்டிலும் இப்பத்திரம் இருக்கட்டும்.

இருவரும் சுமப்பவர் என்றால் வழி அடைந்துவிடவில்லை. கருவுற்ற 11ஆம் வாரத்தையொட்டி நச்சுக்கொடியிலிருந்து சிறு பகுதியை எடுத்தோ, 16ஆம் வாரத்தையொட்டிப் பனிக்குட நீரை எடுத்தோ, குழந்தைக்கு நோய் உண்டா என்று சொல்லிவிடலாம். இதனால் கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு. கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடை செய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டமே, ஹீமோகுளோபின் நோய்களுக்காகக் கருவைச் சோதிப்பதை அனுமதிக்கிறது. ஆகவே, இது குற்றமோ என்று எவரும் அஞ்ச வேண்டாம். நோய் உண்டென்று தெரிந்தால், கருவைத் தொடர்வதா வேண்டாவா என்பது அவ்விருவரின் முடிவு; சட்டத்தின் கண்ணில், வயது வந்த பெண்ணின் இசைவு ஒன்றே போதும். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 20 முதல் 24 வாரம் வரை விதிகளில் கண்ட நிலைகளில் இரு மருத்துவர்களின் கருத்தும் வேண்டும். அதற்கு மேலும், கருவில் பெருங்குறை உண்டென்று மருத்துவக் குழு கண்டால் வழியுண்டு. ஆனால் வாரங்கள் எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

கருவைத் தொடர்வது என்று முடிவு செய்பவர்களையும் நாம் தூற்றலாகாது. என் அக்காள் மக்கள் காலம் வேறு. இன்றைய மருத்துவம் வேறு. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986இலேயே தாலசீமியாக் குழந்தைக்குச் செய்தனர். அக்காளின் திருமணம் நடந்த அதே ஆண்டு. எங்களுக்கு அது தெரிய வழியில்லை. உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற இன்று மாத்திரைகள் உள்ளன. அரிவாள் அணு நோய்க்கு ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்து உண்டு. இம்மருந்துகளை உட்கொள்வோர் குழந்தை பெற விரும்பினால், பல மாதங்களுக்கு முன்னரே மருத்துவரைக் கலந்துகொள்வது இன்றியமையாதது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தாலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் அணு நோய் ஆகிய மூன்றும் சேர்க்கப்பட்டுள்ளன. சான்றிதழ் பெற்றால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் ஒதுக்கீடும் உண்டு.

ஹீமோஃபிலியாவைத் தனியே சொல்ல வேண்டும்; ஏனெனில், அதில் ஒருவர் சுமந்தாலே போதும். இரத்தம் உறையாமல் ஒழுகிக்கொண்டேயிருக்கும் நோய் அது. தாய் சுமப்பவராயின், பிறக்கும் ஒவ்வோர் ஆண்பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. தந்தைக்கு நோயிருந்து தாய்க்கு இல்லையெனில், ஆண்பிள்ளைகளுக்கு வராது. பெண்பிள்ளைகள் அனைவரும் சுமப்பவர் ஆவர். அண்ணன் தம்பிக்கோ தாய்மாமனுக்கோ இந்நோய் இருந்த பெண்கள், கருவுறுவதற்கு முன்னரே சோதித்துக்கொள்ள வேண்டும். சுமக்கும் பெண்களுக்கும் பேறுகாலத்தில் உதிரப்போக்கு மிகலாம். ஆதலால் பெரிய மருத்துவமனையில்தான் பேறு நிகழ வேண்டும்.

இந்நோய் எந்த வீட்டில் புகழ்பெற்றது தெரியுமா? விக்டோரியா மகாராணியின் வீட்டில். அவர் மகன் லியோபோல்டு 1884இல் கீழே விழுந்து இரத்தக்கசிவினால் இறந்தார். அவர் வழிப் பெண்கள் மூலமாக உருசியப் பேரரசரின் மகன் வரை இது சென்றது. ஐரோப்பாவில் தம்மினும் தூய இரத்தம் இல்லையென்று எண்ணித் தமக்குள்ளேயே கொண்டு கொடுத்த குடும்பங்கள் அவை. இரத்தத்தின் உயர்வு தாழ்வைப் பற்றி நமக்கு ஆயிரம் ஆண்டுகளாகப் பாடம் நடத்தியவர்களுக்கு, இதை ஒரு மறுமொழியாகச் சொல்லலாம். என் அக்காள் மக்கள் இருவர் உடம்பிலும் மாதந்தோறும் ஏறிய இரத்தம் யாருடையது என்று நாங்கள் கேட்டதில்லை. பையின்மேல் எழுதியிருந்ததெல்லாம் 'பி' என்னும் ஓரெழுத்துத்தான். 1936இல் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதியபோது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்றார். அவர் சொன்னது சமுதாயத்தின் நோய்க்கு. உடலின் நோய்க்கும் அது பெரும்பாலும் பொருந்துகிறது. ஆயினும் சோதனையும் வேண்டும்.

சைப்பிரஸ் தீவில் தாலசீமியா மிகுதி. அங்கே திருமணத்துக்கு முன் சோதித்துச் சான்று கொண்டுவர வேண்டுமென்று 1980களில் திருச்சபையே விதித்தது. மணமுறிவுகள் பெருகும் என்று அஞ்சினர். அவ்வாறு நடக்கவில்லை, இருவரும் சுமப்பவர் என்று அறிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மணந்துகொண்டனர். அதன்பின் மருத்துவர் சொற்படி நடந்தனர். நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இல்லை என்னும் அளவுக்குக் குறைந்தது. நம் நாட்டில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் தாலசீமியாப் பெருநோயுடன் பிறப்பதாக மதிப்பிடுகின்றனர். நம்மவர்களில் அரசு வேலைக்குப் போனவர்கள் சிலர் இப்போது பத்துப் பொருத்தம் பார்க்கத் தொடங்கியிருப்பதைக் காண்கிறேன். பதினொன்றாவதாக இதையும் பார்க்கட்டும். பத்தையும் விட்டுவிட்டாலும் எனக்கு மகிழ்ச்சியே.

ஒன்றை மட்டும் சங்கத்தார்க்கு எச்சரிக்கையாகச் சொல்கிறேன். சோதனை முகாம் நடத்துங்கள். ஆனால் முடிவை உரியவர் கையில் மட்டும் கொடுங்கள். பெயர்ப் பட்டியலை ஒட்டிவிடாதீர்கள். தரகர் வாயில் அகப்பட்டால், நம் தெருவுக்குள்ளேயே ஒரு புதிய தீண்டாமையை நாம் படைத்தவர்கள் ஆவோம்.

இறுதியாக என் மகளைப் பற்றி. அவள் இசைவைப் பெற்றே இதைச் சொல்கிறேன். அவளும் சுமப்பவள். பதினெட்டாம் வயதில் அம்முடிவை அவள் கையில் கொடுத்தேன். சென்ற ஆண்டு ஒரு சம்பந்தம் வந்தது. முதல் நாளே சொல்லிவிட்டோம். மறுநாள் முதல் அவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. என் மனைவி அன்றிரவு உணவு கொள்ளவில்லை. மகள்தான், "அப்பா, நீங்கள் அம்மாவிடம் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்" என்றாள்.

இப்போது மற்றோர் இளைஞர் முன்வந்திருக்கிறார். நம் சங்க விடுதியில் தங்கிப் படித்தவர். செய்தியைக் கேட்டதும், எங்கே சோதிக்க வேண்டும் என்று மட்டுமே கேட்டார். சென்ற திங்கட்கிழமை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இரத்தம் கொடுத்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. தமக்கும் இருப்பதாக வந்தாலும் மணம் நிற்காது, மருத்துவரிடம் இருவரும் சேர்ந்தே செல்வோம் என்று சொல்லியிருக்கிறார். தை மாதத்தில் நாள் பார்த்திருக்கிறோம்.